ஆட்டமில்லாத நாள்

முப்பத்தொரு மணி நேரப் பயணம்,
காலி மைதானத்தைப் பார்க்கவா?
கீலா, என்றாள் நூர்ஷீலா.
நடை சாத்தியபின் கோயிலுக்குப் போவது மாதிரி என்று
நான்தான் அவளுக்கு உவமை சொல்லிக் கொடுத்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
அடுத்த இரண்டு ஞாயிறும் எனக்குப் பதிலாக
வெயில் அடிக்கும் பக்கத்துக் கோட்டில்
அவள் ஓடவேண்டும்.

நான் பந்து ஆடியதில்லை.
பதினொரு வருஷமாகப் பந்துக்குப் பக்கத்தில் ஓடுகிறேன்
கையில் ஒரு கொடியோடு.
வார நாட்களில் பாய லேபாரில் சரக்குக் கணக்கு.
ஞாயிறானால் ஜாலான் புசார்,
நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் லீக்:
கோட்டைத் தாண்டியது தோளா தொந்தியா என்று
தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம்.

மரக்கானாவில் அன்று புல்லுக்கு வைத்தியம்.
ஆஸ்பத்திரிக் கட்டில்கள் போல
சக்கரம் வைத்த விளக்குகள் வரிசையாய் நின்றன.
பதினான்கு பேரைக் கூட்டிப்போன ஜுஸாரா
ஐம்பதாம் வருஷத்துக் கதையைச் சொன்னாள்.
உருகுவேயின் இரண்டாவது கோல்.
ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர்
ஒரே மூச்சில் வாயடைத்துப் போனது.
எல்லாரும் கோல்கம்பத்தைப் பார்த்தார்கள்.
நான் ஓரக்கோட்டைப் பார்த்தேன்.
அந்த நொடியில் அங்கே ஒருவன்
கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி
நடுக்கோட்டை நோக்கி ஓடியிருப்பான்.
தன் பூட்ஸ் சத்தம்
தனக்கே கேட்டிருக்கும் அவனுக்கு.

உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து
உறுத்திய சப்பாத்தைக் கழற்றினேன்.
தரையில் கொட்டின கறுப்பு ரப்பர்த் துகள்கள்.
ஜாலான் புசாரின் செயற்கைப் புல்லுக்கு அடியில் கிடப்பவை.
எத்தனை முறை உதறினாலும்
தையலுக்குள் ஒளிந்துகொண்டு
கடல் தாண்டி வந்திருந்தன.
பொறுக்குவதற்குள் துடைப்பத்தோடு ஒருவர் வந்தார்,
கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் பெருக்கிக்கொண்டு போனார்.
எங்கள் மைதானத்தில் ஒரு சிட்டிகை
ரியோவின் குப்பைக்கூடையில்.

சாவோ பாவ்லோவில் அருங்காட்சியகம்
பழைய அரங்கின் படிகளுக்கு அடியில்.
கான்கிரீட்டின் வயிற்றில் இருட்டு,
இருட்டில் கூட்டத்தின் இரைச்சல்
சுவர் சுவராய் மோதியது.
சட்டைகள். வானொலிப் பெட்டிகள்.
தையல் விட்ட தோல் பந்துகள்.
மேசையில் சுண்டி ஆடும் பொத்தான் வீரர்கள்கூட.
கொடி இல்லை.
இரண்டு முறை சுற்றிவந்தேன்.
மூன்றாவது முறை
ஒரு பெரிய புகைப்படத்தின் விளிம்பில்,
வெட்டுப்பட்ட இடத்தில்,
ஒரு முழங்கை, பாதிக் கொடி.
ஆள் இல்லை.
கீழே எழுதியிருந்த பெயர்களில்
முழங்கைக்கு உரிய பெயர் இல்லை.
அதை மட்டும் படம் எடுத்தேன்.
கோலை விட்டுவிட்டு மூலையைப் பிடிக்கிறவள் யாரென்று
காவலர் எட்டிப் பார்த்தார்.
என்னிடம் போர்த்துகீசியம் இல்லை.
கையை உயர்த்திக் காட்டினேன்.
கழிவறை அந்தப் பக்கம் என்றார்.

திரும்பிவந்த முதல் ஞாயிறு.
எழுபதாவது நிமிடம்.
டைர்விட் ரோட்டுப் பக்கமிருந்து
வறுத்த கோப்பி வாசம், அதன்மேல் மழை வாசம்.
பந்து வலைக்குள். என் கொடி மேலே.
மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலிருந்து ஒரு குரல்:
“ஏய் லைன்ஸ்மேன்!
கண்ணை பிரேசில்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?”
லைன்ஸ்மேன் என்றதற்கு நான் திரும்பவில்லை.
நூர்ஷீலா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்
என்றுதான் யோசித்தேன்.

அப்போது மின்னல் எச்சரிக்கை ஊளையிட்டது.
இருபத்திரண்டு பேரும் கூரைக்கு அடியில்.
கோல் போட்டவர் ஈரத் துண்டோடு
இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்.
வெளியே புல், கோடு, வலை,
யாருமில்லாத கம்பங்கள்.
நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
என்ன பார்க்கிறாய் என்றாள் நூர்ஷீலா.
டிக்கெட் எவ்வளவு இருக்கும் என்றேன்.
கீலா.

கொடியைப் பிழிந்து தோளில் போட்டேன்.
மனுஷர் மறுபடி என் முன்னால் வந்தார்,
பேரன் எடுத்த வீடியோவோடு.
திரையில் கோடு தெரியவில்லை, மழைதான் தெரிந்தது.
இருந்தாலும் சொன்னேன்.
ஆஃப்சைடுதான், அண்ணே.